நிறத்தைக் கேட்கக் கூடாது

சென்ற மாதம் நான் வேலை பார்த்த ஆய்வு அலுவலகத்தில் பழைய ஆட்களைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூட்டி உட்கார வைக்க ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். இந்த முறை சாக்கு புதிய டேப்லட். இனி வெளியூருக்குப் போய் வீடு வீடாகக் கேள்வி கேட்கிற பிள்ளைகள் காகிதமே தூக்க வேண்டாமாம். பளபளவென்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எனக்கு விளக்கினாள்.

“இங்க பாருங்க ஆண்ட்டி, சென்சிட்டிவ் கேள்வி வந்தா ஸ்கிரீன அவங்க பக்கம் திருப்பிடுவோம். இயர்போன்ல கேள்வி வரும், அவங்களே டச் பண்ணிடுவாங்க. என்ன சொன்னாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது. உங்க காலத்துல எப்படிலா சமாளிச்சீங்க?”

“ஒரு துணிப் பையும் கொஞ்சம் பாசிமணியும் வெச்சிருந்தோம்மா” என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ‘சோ கியூட்’ என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையைப் பற்றி அங்கேயே சொல்லியிருந்தால் அவர்கள் கையில் இருந்த கேக் தொண்டையில் இறங்கியிருக்காது. அதனால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ரவாங். அப்பா அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, தொழிற்சாலைக்குப் போக மனமில்லாமல், ஊர் சுற்றலாம் என்ற ஆசையில் இந்த வேலையில் சேர்ந்தேன். பயிற்சி என்று கோலாலம்பூரில் ஓர் அறையில் உட்கார வைத்துக் கதவைத் தட்டுவது எப்படி, கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பதிலைக் கேட்டு முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பதுதான் எனக்குக் கடைசிவரை வராத பாடம். மனதில் இருப்பது அப்படியே முகத்தில் வந்துவிடும் எனக்கு.

எண்பதுகளில் கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் குழுவை நடத்தியவர் செல்லதுரை சார். சிலோன் குடும்பம், கிளாங்கில் பிறந்து வளர்ந்தவர். எவ்வளவு வெயிலானாலும் வெள்ளைச் சட்டையின் கைப் பொத்தானைக் கழற்ற மாட்டார். வேன் புறப்படுமுன் எங்கள் பைகளை இருக்கையில் கொட்டச் சொல்லி, பென்சில் முனை முதல் எல்லாவற்றையும் பார்ப்பார். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் “பரவால்ல சார், அப்படியே வாங்க” என்றாலும் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். திட்டவே மாட்டார். ஒரு கேள்வி விட்டுப் போயிருந்தால் “திரும்பப் போங்கோ” என்பார், அவ்வளவுதான். ஒரு கேள்விக்காகச் செம்மண் பாதையில் திரும்ப நடந்து போகிறபோது, அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலாம் என்றிருக்கும்.

அந்த வருடங்களில் எங்கள் வேலை, தோட்டங்களில் களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலை பற்றி விசாரிப்பது. அலுவலகத்தில் தயாரித்துக் கொடுத்த பதில் அட்டைகள் இங்கே செல்லுபடியாகவில்லை. ‘மிக அதிகம், அதிகம், ஓரளவு’ என்று அச்சடித்த அட்டையை, எழுத்துத் தெரியாதவர் முன்னால் நீட்டி என்ன செய்வது? அதற்கு முந்தைய வேலையில் சுங்கை செம்பிலாங் மீனவர் வீடுகளுக்குப் போனபோது கடல்காற்று என் அட்டைகளை அள்ளிச் சேற்றில் போட்டது. ஒரு மலாய்க்கார மாக்சிக், வயதான அம்மா, சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்கிப் பொறுக்கித் தந்து, தூண்டில் நரம்பால் கோத்தும் கொடுத்தார். அன்று முதல் எங்கள் கருவிகளெல்லாம் இப்படிப் போகிற இடத்தில் பிறந்தவைதான்.

மருந்து எவ்வளவு கலக்கிறீர்கள் என்று கேட்டால் “ஒரு மூடி” என்பார்கள். எந்த மூடி? வீட்டுக்கு வீடு வேறு மூடி. ஆகையால் ஒரு வாளி, சிவப்புச் சாயத் தண்ணீர், நாலைந்து விதமான மூடிகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவேன். தோட்டக்காட்டில் கலக்குகிறபடியே கலந்து காட்டச் சொல்லி, அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதிக்கொள்வேன். “என்னக்கா, சர்பத் கடையா?” என்று கேலி செய்வார்கள். எங்கே வலிக்கிறது என்பதற்கு, ஒரு பெண் உருவத்தை அட்டையில் வரைந்து, கையில் பச்சைப்பயறு கொடுப்போம். வலிக்கிற இடத்தில் வைக்க வேண்டும். ஒரு பெண் தலை முதல் பாதம் வரை வைத்து முடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பயறு குடுங்கக்கா, முதுகுப் பக்கம் இருக்கே” என்றாள். எல்லாரும் சிரித்தோம். வேனில் வந்து உட்கார்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு கேள்விதான் எந்தக் கருவிக்கும் மசியவில்லை. ‘மருந்தடித்ததால் உடம்புக்கு வந்ததைத் தோட்டத்து டிரசரிடம் மறைத்ததுண்டா?’ தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர் டிரசர். அவர் ‘மருந்தடிக்கத் தகுதியில்லை’ என்று எழுதிவிட்டால், சில காலம் லேசான வேலை கொடுப்பார்கள், பிறகு பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆட்கள் முன்போல் தேவைப்படவில்லை. பெயர் போனால் லயத்து வீடும் போகும். அதிலும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். நகம் கறுத்து உரிந்த கையை முந்தானையில் மறைத்துக்கொண்டே எல்லாப் பெண்களும் “இல்ல” என்றார்கள்.

அப்போதுதான் சார் மணி யோசனையோடு வந்தார். பை நிறையச் சிவப்பு மணியும் வெள்ளை மணியும் இருக்கும். எது எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். கேள்வியைக் கேட்டதும் அந்தப் பெண் கையை விட்டு ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் தான் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால், உண்மை எதுவானாலும் ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் ‘ஆமாம்’ என்றால் அது மணி சொன்னதா அவள் சொன்னதா என்று எனக்கும் தெரியாது, சுவருக்கு அப்பால் இருப்பவளுக்கும் தெரியாது. ஆனால் எல்லாருடைய பதிலையும் சேர்த்துப் பார்க்கும்போது, மணியால் வந்த ‘ஆமாம்’ சுமாராக எவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கிடலாம்.

கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. “சார், இது பூக்கட்டிப் பாக்குற மாதிரியே இருக்கு” என்றேன்.

அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமோ வேலையோ முடிவெடுக்கத் தெரியாதபோது, செம்பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள், இன்ன நிறம் வந்தால் செய்வது என்று முதலிலேயே மனதில் நினைத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன். போதாக்குறைக்கு நான் தைத்த பை மஞ்சள் துணியில் இருந்தது. தைப்பூசத்துக்கு எடுத்ததில் மிஞ்சிய துணி.

சார் கொஞ்சம் யோசித்தார். “நல்லதுதானே பிள்ளை. பழகின விசயம் எண்டா பயப்பட மாட்டினம்” என்றார். பிறகு விரலை நீட்டி, “நிறத்தைக் கேக்கக் கூடாது. அவவா சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு அவவுக்கும் சொல்லு. ஒருத்தி சொல்லத் தொடங்கினால், சொல்லாதவளை மண்டோர் சந்தேகப்படுவான். விளங்குதோ?” என்றார்.

விளங்கியது. பையும் வேலை செய்தது. அது வரை ‘இல்ல’ தவிர வேறு கேட்காத லயங்களில் ‘ஆமாம்’ விழ ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டதுபோலத் திரிந்தேன்.

அசாம் ஜாவாவைத் தாண்டி உள்ளே ஒரு தோட்டம். அங்கேதான் அஞ்சலையைப் பார்த்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், மருந்தடிக்கும் கும்பலில் இருந்தாள். புருஷன் செம்பனைக் குலை முதுகில் விழுந்து இடுப்பொடிந்து உள்ளறையில் படுத்திருந்தான். பசியாறச் சொல்லி ரொட்டியும் வரக்கோப்பியும் கொண்டுவந்து வைத்தாள். வாளி, மூடி, பயறு எல்லாம் முடிந்து பையை எடுத்து விளக்கினேன். நிறத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன்.

“யார்கிட்டயுமா?”

“யார்கிட்டயும்.”

அவள் எழுந்துபோய்க் கைகால் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பைக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். எடுத்துப் பார்த்தாள். மணியைக் கண்ணில் ஒற்றிவிட்டுப் போட்டாள். “ஆமாம்” என்றாள். நான் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மற்றவர்களும் கொஞ்சம் பக்தியாகத்தான் கையை விட்டார்கள், பழகின விஷயம் என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி காத்திருந்தாள். எங்கள் பட்டியலில் இல்லாதவள், மருந்தடிக்கிற வேலையும் இல்லை.

“அம்மாடி, அந்தப் பையில நானும் ஒரு தடவ கைய விட்டுக்கறேன். பேரன லோரி ஓட்ட சபாக்குக்கு அனுப்பலாமா வேணாமான்னு பாக்கணும்” என்றாள்.

“இது அதுக்கில்ல பாட்டி.”

“ஏன், காலையில அஞ்சல மட்டும் கேட்டாளே? நீ போனதும் வந்து, உத்தரவு ஆயிருச்சுன்னாளே?”

நேரே அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவள் பின்பக்கம் குழாயடியில் மருந்தடிக்கும் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாய் என்று கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஈரக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு மாசம்க்கா. அவருக்குக்கூடத் தெரியாது. போன தடவ மருந்தடிச்சிக்கிட்டு இருக்கறப்பவே கலைஞ்சி போச்சி. இந்தத் தடவ டிரசர்கிட்ட சொல்லிறலாமா, இல்ல வாய மூடிக்கிட்டு இருந்துறலாமான்னு கேட்டேன். சொன்னா மருந்தடிக்கறதுலேருந்து எடுத்துருவாங்க. அப்பறம் பேர எடுத்துருவாங்க. இவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

“என்ன வந்துச்சி?”

என் மணிக்கட்டை விட்டாள். “அத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க.”

நான் கெஞ்சினேன். என்ன நிறம் வந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டாய், அதையாவது சொல் என்றேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். அலுவலகத்தில் யாராலும் காப்பாற்ற முடியாத எங்கள் விதியை அவள் எவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றினாள்!

“அஞ்சல, இது சாமி இல்ல. கிளாங்குல கடையில வாங்கின வெறும் மணி. ஒண்ணு எடுத்தா செவப்பு வரும், இன்னொண்ணு எடுத்தா வெள்ள வரும். இத நம்பி வயித்துல இருக்கறத முடிவு பண்ணாத.”

“பூவும் வெறும் பூதானக்கா” என்றாள்.

வேனுக்குத் திரும்பி எல்லாவற்றையும் சாரிடம் கொட்டினேன். டிரசரிடம் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “நாங்கள் வாய் திறந்தால் நாளைக்கு எந்த லயமும் எங்களை நம்பாது. அதைவிட, அவவின்ர பெயரை நாங்களே வெட்டின மாதிரி. வீட்டை யார் குடுப்பினம், நீயோ நானோ?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. “பழகின விசயம்னு நீங்கதான சார் சொன்னீங்க” என்று கத்திவிட்டேன். அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கோலசிலாங்கூரில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, “காலையில பெரட்டுக்குப் போவம். பையைக் கொண்டு வா” என்றார்.

பெரட்டு என்பது விடிந்ததும் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். அங்கே மண்டோரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மருந்தடிக்கும் பெண்கள் எல்லாருக்கும் முன்னால் சார் போய் நின்றார். ஒரு கருவியைப் பற்றி அதன் ரகசியத்தையே உடைப்பதுபோல் அவர் பேசி நான் கேட்டதில்லை. “இதில தெய்வம் ஒண்டும் இல்லை அம்மா. பாருங்கோ” என்று கையை விட்டு எடுத்துக் காட்டினார். வெள்ளை. திரும்ப எடுத்தார், சிவப்பு. திரும்ப வெள்ளை, திரும்பச் சிவப்பு. வியர்த்து வழிந்தது. கைப் பொத்தான் அன்றும் போட்டபடியே இருந்தது.

முந்தின நாள் வந்த கிழவி வேடிக்கை பார்க்க நின்றிருந்தாள். “கேள்வியே இல்லாம கைய விட்டா சாமி என்னாத்த சொல்லும் சார்?” என்றாள். கும்பலே சிரித்தது. மண்டோரும் சிரித்தான். சிரிக்காதவள் அஞ்சலை ஒருத்திதான். முதுகில் மருந்துப் பம்பை மாட்டிக்கொண்டு, சாரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மணி வெளியே வரும்போதும் அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனதை நான் கண்டேன். பிறகு பெயர் கூப்பிட்டார்கள். மற்றவர்களோடு அவளும் லோரி ஏறிப் போனாள்.

அந்தத் தோட்டத்தில் பையால் வாங்கிய பதில்கள் அத்தனையையும் சார் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். தலைமையகத்தில் அதற்கு அவர் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அதன்பின் எந்த ஊரிலும் அந்தப் பையை நாங்கள் எடுக்கவில்லை. நான் அவரை மன்னித்துவிட்டேன். அவர் தன்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் காலமாகும்வரை இதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மழைக்காலம் முடிந்து, இரண்டாம் சுற்றுக்கு அதே தோட்டத்துக்குப் போனோம். லயத்தில் நுழைந்ததும், கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தொட்டில்களைத்தான் என் கண் தேடியது. அங்கே இருந்த ஆயா நான் கேட்காமலேயே இல்லையென்று தலையை ஆட்டினாள்.

அஞ்சலை வீட்டில்தான் இருந்தாள். அன்று கும்பலுக்கு வேலை இல்லை. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். ஆறாம் மாதம், காட்டிலேயே, என்றாள். ஆண் குழந்தையாம். சொல்லும்போது அழவில்லை, நான்தான் அழுதேன். முகத்தைக் காட்டாமல் இருக்கும் பயிற்சியெல்லாம் அங்கே எதற்கும் உதவவில்லை.

“நெறத்த இப்ப சொன்னா பரவால்லதானக்கா?” என்று கேட்டாள்.

காதைப் பொத்திக்கொள்ள எனக்குக் கை எழவில்லை.

“செவப்பு வந்தா டிரசர்கிட்ட சொல்லிறணும்னு நெனச்சிக்கிட்டுத்தான் கைய விட்டேன். செவப்புத்தான் வந்துச்சி. வீடு போனாப் போவுது, ஆத்தா பாத்துக்குவான்னு எனக்கு எவ்வளவு தைரியமா இருந்துச்சி தெரியுமா? மறுநாளே சொல்லிறணும்னு இருந்தேன்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க வந்து வெறும் மணின்னு சொன்னீங்க. அந்த சாரும் பெரட்டுல எடுத்து எடுத்துக் காட்டுனாரு. படிச்சவங்க நீங்க பொய்யா சொல்லுவீங்க? வெறும் மணியக் கேட்டுக்கிட்டு வீட்ட விட முடியுமான்னு விட்டுட்டேன்.”

அதில் கோபம் இல்லை, குற்றம் சாட்டுவதும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு வரக்கோப்பி போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, பசியாறிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள் என்றாள்.